ஒன்றே ஒன்று

செவ்வாய், இரவு 11

திருப்பூரில் சாயங்காலம் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை. சரவணம்பட்டியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனி பில்லிங் சர்வர் அங்கேதான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அப்ளிகேஷன் முந்திக்கொண்டது. டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் கழித்து எழுந்தது. அதன்பிறகு டேட்டாபேஸ் நன்றாக ஓடியும் ஒரு பில்கூட வரவில்லை. லாக் முழுக்க ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’. ஜார் ஃபைல்தான் காணாமல் போய்விட்டதோ என்று ஒன்றரை மணி நேரம் தேடினேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

புதன்

லாகை இன்னும் மேலே தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை வந்தது வேறு பிழை, ‘எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்’. வரி விகிதங்களை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் வேலை ஒரு ஸ்டேட்டிக் பிளாக்கில் இருக்கிறது. அது ஒரே ஒரு தடவைதான் ஓடும். அந்தத் தடவை தவறினால், அந்தக் கிளாஸே உதவாது என்று ஜேவிஎம் குறித்துவைத்துவிடும். மறுபடி முயன்று பார்க்காது. ரீஸ்டார்ட் செய்ததும் பில் ஓடியது. எழுதிய புண்ணியவான் யாரென்று கிட்டில் பார்த்தேன். நான்தான், ஆறு வருடத்துக்கு முன்.

வெள்ளி

கம்பெனி கணக்குப்பிள்ளை போன். “ஏனுங்க, இன்னிக்குப் போட்ட பில்லுல போன மாசத் தேதி விழுந்திருக்குதுங்க.” டெஸ்டிங்கில் நூறு தடவை போட்டுப் பார்த்தேன், வரவே இல்லை.

சனி, அன்னூர் பக்கம், ஊரில்

“கண்ணு, ஆறு மணிக்கு மோட்டார நிறுத்தீரு. பொறவு சின்னவங்க முறை” என்றார் அப்புச்சி. ஒரே கிணறு, நாலு பங்கு. யாருக்கு எந்த நேரம் என்பது அவர் அப்பன் காலத்திலேயே பேசி முடித்தது. மோட்டாரை நிறுத்தப் போகும்போதுதான் பிடிபட்டது. தேதியை எழுதும் ‘சிம்பிள் டேட் ஃபார்மட்’ ஒன்றை ஸ்டேட்டிக்காக வைத்து, எல்லாத் திரெட்டையும் முறையில்லாமல் இறைக்க விட்டிருக்கிறோம். அதற்குள் இருப்பது ஒரே காலண்டர். ஒருவர் பழைய பில்லைப் பிரிண்ட் எடுக்கும் அதே கணத்தில் இன்னொருவர் புது பில் போட்டால், அவர் தேதி இவருக்கு விழும். கூட்ட நேரத்தில் மட்டும் நடக்கும். பல சமயம் லாகில் சத்தமே இருக்காது. 2014-இல் ஜாவா 8 வந்தபோதே, உள்ளே எதுவும் மாறாத ‘டேட் டைம் ஃபார்மட்டர்’ கிடைத்துவிட்டது. நாங்கள்தான் மாறவில்லை.

திங்கள்

அடுத்த வாரம் இரண்டாவது சர்வர் வருகிறது. பில் எண் கொடுப்பது ஒரு சிங்கிள்டன். அந்த ‘ஒன்றே ஒன்று’ ஒரு ஜேவிஎம்முக்குள்தான் செல்லும். இரண்டு சர்வர் என்றால் ஆளுக்கொன்று. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். எண்ணை டேட்டாபேஸுக்கு மாற்றினேன். வரிப் பட்டியலையும் ஸ்டேட்டிக் பிளாக்கிலிருந்து எடுத்து, கிடைக்கும்வரை முயலும்படி எழுதினேன்.

1994-இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தின் 23 வடிவங்களில் சிங்கிள்டனும் ஒன்று. அதை எழுதிய நால்வரில் ஒருவரான எரிக் காமாவே 2009 பேட்டியில் அதைக் கைவிடலாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் இன்டர்வியூவில் இன்னமும் முதல் கேள்வி அதுதான்.

தேதி மாறிய பில்களைக் கணக்குப்பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறார். மாலைவரை 41.