ஆபரேஷனுக்குப் பிறகும் கவனிக்கணும்

பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் என் மாணவன் ஒருவனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கோலாலம்பூர் ஐ.ஜே.என். இருதய மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. “பிள்ளை பொழச்சிட்டான் டீச்சர், அது போதும்” என்பார் அவன் அம்மா. வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான். ஆனால் “புத்தகத்தை எடு, பக்கம் 12, இரண்டாம் கேள்வி” என்று சேர்த்துச் சொன்னால், புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பான். அதைச் சோம்பல் என்று சிலர் சொல்லும்போது மனசு பொறுக்கவில்லை.

அதற்குக் காரணம் இருதயக் குறையாகவும் இருக்கலாம். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இருதயக் குறையோடு பிறக்கிறது. அவர்களில் சிலருக்குக் கருவிலேயே மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாளங்கள் இடம்மாறிப் பிறந்து, 1988 முதல் 1992 வரை பாஸ்டனில் ஆபரேஷன் செய்யப்பட்ட குழந்தைகளை 16 வயது வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி அறிவுத்திறன் இயல்பை ஒட்டியே இருந்தது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி தேவைப்பட்டிருந்தது. கவனமும் திட்டமிடலும்தான் பெரும்பாலும் இடறும் இடங்கள்.

பெற்றோரே, அலோர்ஸ்டாருக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ செக்கப்புக்குப் போகும்போது படிப்பு, பேச்சு பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் ஆபரேஷனை மறைக்காதீர்கள். எவ்வளவு ஓடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். பயத்தினாலேயே விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்காரவைக்கப்படும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.