வெற்று உறை

ஹட்டனில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர் இதை எனக்குக் கொடுத்தார். செருப்புத் தைப்பவருக்கென்று ஒதுக்கி வைத்த தோல் குவியலுக்குள் கிடந்தது. ஒரு சாணும் நாலு விரலும் நீளம். மூடியைப் பித்தளைக் குமிழ் ஒன்று பிடித்துக்கொள்கிறது. குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. உள்ளே விரல் விட்டால், ஒரு காலத்தில் அங்கே இருந்த ரிவால்வரின் உருவம் தோலில் அப்படியே தட்டுப்படுகிறது. உருளை இருந்த இடம் புடைப்பு, குழல் இருந்த இடம் ஒடுக்கம். ஆறு அங்குலக் குழலுக்குச் சரியாக இருக்கிறது. வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வரின் ஆறாம் மார்க் என்பது என் கணிப்பு.

•

என் சேகரிப்பில் துவக்கு ஒன்றுகூடக் கிடையாது. 1916இல் வந்த துப்பாக்கிச் சட்டம் இலங்கையில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டுவரை செய்தது என்றால் மத்திய சட்டம் அதைப் பழம்பொருளாக விட்டுவிடும். நமக்கு அந்த வழி இல்லை, இருக்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இந்த நாடு பார்த்த சாவு போதும். நான் சேர்ப்பது உறை, வார், துடைக்கிற கம்பி, பழைய விலைப்பட்டியல், போட்டோ. இவற்றோடு, துவக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்வது.

•

துருக்கியில் ‘துஃபெக்’ என்கிறார்கள். அதுதான் கடலும் கரையும் தாண்டி வந்து தமிழில் துப்பாக்கி ஆனது, இலங்கையில் துவக்கு ஆனது, சிங்களத்தில் துவக்குவ ஆனது. சுடுகிறவன், சுடப்படுகிறவன் இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்.

•

வெப்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். பிரிட்டிஷ் படை முதல் மார்க்கை 1887இல் எடுத்துக்கொண்டது. ஆறாவது 1915இல், உலகப் போரின் நடுவில் வந்தது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வாய் கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீட்டர். கட்டைவிரலால் பின்பக்கத்துக் கொண்டியைத் தள்ளினால் குழல் முன்பக்கமாக மடிந்து தொங்கும். மடியும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு வெற்றுக் கூட்டையும் ஒருசேர வெளியே தள்ளும். சேற்றில் விழுந்தாலும் வேலை செய்யும் என்று பேர். பிடியின் அடியில் ஒரு வளையம். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், கை நழுவினாலும் துவக்கு நழுவாது.

பழம்பொருள் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அம்புக்குறியைத்தான். அகன்ற அம்பு இருந்தால் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் சேவையிலிருந்து கழித்து விற்றது. அம்பே இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்து அதிகாரிகள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். படையின் தோட்டா அதற்குள் போகவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால் தனியார் வாங்கிய வெப்ளிகளில் அம்பு இருக்காது, சிலவற்றில் வாங்கியவரின் பெயரெழுத்து இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை நினைத்தால் மனம் பதறுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன வெப்ளிகள் ஏராளமானவற்றில் உருளையின் பின்முகத்தைச் சீவிவிட்டார்கள், அந்த ஊர்த் தோட்டா பொருந்துவதற்காக. சீவாத உருளையோடு ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பது இதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

•

ஆறு மாதம் மூடி வைத்தால் எங்கள் பொகவந்தலாவை ஈரத்தில் எதுவும் பூஞ்சணம் பூக்கும். சப்பாத்து பூக்கும், புத்தகம் பூக்கும். துவக்கை உறைக்குள் போட்டு வைக்கிறவன் அதைக் கொல்கிறான் என்பேன். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்டதில் தங்கிய அமிலம் இரும்பைத் தின்னும். தேங்காயெண்ணெய் போட்டால் குளிரில் இறுகிவிடும். துரு தெரிந்ததும் மணல்தாளை எடுக்கிற கையைத் தட்டிவிடவேண்டும். தேய்த்தால் அம்பும் போகும், எண்ணும் போகும். புதிதாக நீலம் ஏற்றிப் பளபளக்க வைத்த ரிவால்வரைவிட, நிறம் மங்கிப் பழுப்பேறி எழுத்து மிஞ்சிய ஒன்றுதான் ஆயிரம் மடங்கு மேல்.

•

தோட்டத் துரைமார் படை என்று ஒன்று இருந்தது, ‘சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்’. 1900இல் கண்டியில் தொடங்கியது. ஐரோப்பியத் துரைகளுக்கு மட்டும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914இலேயே இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். 1915இல் இங்கே கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் வந்தபோது ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்கோடு இறங்கினார்கள். 1949இல் படையைக் கலைத்தார்கள். அதன் தொப்பி வில்லையும் பொத்தானும் இன்றைக்கும் ஏலத்துக்கு வருகின்றன.

•

கண்டியின் பீரங்கியை இதே நோட்டில் எழுதாமல் விட முடியாது. வெண்கலத்தில் வார்த்து, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் இழைத்தது. லெவ்கே திசாவை கண்டி அரசனுக்குக் கொடுத்தது. 1765இல் டச்சுக்காரர்கள் கண்டி அரண்மனைக்குள் புகுந்தபோது எடுத்துப் போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இரு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 2023 டிசம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்தது. கூடவே இரண்டு வாள், ஒரு கத்தி, இரண்டு மகா துவக்கு. அழகான பொருள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ‘இது எப்படி இங்கே வந்தது’ என்று கேட்டு ஏடுகளைப் புரட்டியதால்தான் வழி திறந்தது. சேகரிக்கிற ஒவ்வொருவரும் வாங்குவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி அது.

நான் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: இதற்கு முன்னால் நின்றது யார்?

•

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி. சில்வா வாதாடினார்.

1977 மே. டெவன் தோட்டம். காணி பறிபோகாமல் இருக்கத் தெருவில் இறங்கிய கூட்டம். செத்தவர் சிவனு லெட்சுமணன்.

இரண்டும் ரிவால்வர் கதை அல்ல, பொலிஸின் துவக்கு. ஆனாலும் இந்த நோட்டில்தான் எழுதுகிறேன். ஒரு வெப்ளி எந்த வருடம், எந்தத் தொழிற்சாலை, எத்தனையாவது எண் என்று பத்து வரி எழுதத் தெரிந்த எனக்கு, இந்த இரண்டு பெயரையும் எழுதத் தெரியாமல் இருந்தால் அது சேகரிப்பே இல்லை.

•

பொகவந்தலாவையில் பரிசுத்த மரியாள் தேவாலயத்துக் கல்லறையில் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். 1879இல் இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. ஆட்கள் தெளிவாக நிற்கிறார்கள், கண் தெரிகிறது, பெயர் இல்லை.

•

நேற்று உறையை எடுத்துக்கொண்டு பணிய லயத்துத் தாத்தாவிடம் போனேன். எண்பது தாண்டியவர். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பங்களா வேலைக்குப் போய், கடைசியில் அப்புவாக இருந்தவர். உறையை மடியில் வைத்ததும் முதலில் கேட்டது, “இதோட வாரு எங்க தம்பி?”

“வார் கிடைக்கல தாத்தா.”

“சம்பளத்துக்கு முந்தின நாளு ஹட்டன் பேங்குலருந்து காசு வரும். அன்னைக்கு மட்டுந்தான் தொர இத இடுப்புல மாட்டுவாரு. மத்த நாளெல்லாம் அலுமாரியில. ஞாயித்துக்கெழம தொடைக்கிறது நானு. உறையத்தான். உள்ள இருக்கிறதத் தொட விடமாட்டாரு.”

“பயமா இருக்குமா?”

பதில் சொல்லவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு ஒரு துணித்துண்டும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் கேட்டார். எண்ணெய் வேண்டாம் தாத்தா, தோல் கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துணியை விரலில் சுற்றி, குமிழைச் சுற்றியிருந்த பச்சையை வட்டம் வட்டமாக எடுக்கத் தொடங்கிவிட்டார். மூடி, ஓரத் தையல், பின்பக்கம், கடைசியாக வார் நுழைகிற வளையம். எழுபது வருடத்துக்கு முன்னால் படித்த ஒழுங்கு. நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.