மூன்றாம் தொகுதியைக் காணோம்

மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். நூலகத்துக்கு எந்த மங்கா வாங்கலாம் என்று கேட்டால் எதிர்க்கேள்விகளில் இறங்கிவிடுவேன். அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது? படிக்கப்போவது எட்டாம் வகுப்பா, கல்லூரியா? அடுத்த ஆண்டும் பணம் வருமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மங்காவில் பெரும்பாலானவை தொடர்கதைகள். 'நருட்டோ' 72 தொகுதிகளில் முடிந்தது. 1997இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' நூறு தொகுதிகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசைக்கு முதல் ஐந்தை வாங்கி அடுக்கிவிட்டால், ஆறாவதைக் கேட்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? நடுவில் ஒன்று தொலைந்தாலும் சிக்கல்தான். மூன்றாம் தொகுதியைக் காணோம் என்றால் நான்காவதிலிருந்து எல்லாமே தூங்கும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்கிறது. மங்கா அவருடைய கணக்கையும் மிஞ்சி வளரக்கூடியது.

அதனால் முடிந்துவிட்ட, அளவான தொடர்களிலிருந்துதான் என் பட்டியல் தொடங்கும். யோஷிதோகி ஓய்மாவின் 'எ சைலண்ட் வாய்ஸ்' ஏழே தொகுதிகள். காது கேளாத சிறுமியைப் பள்ளியில் வதைத்த பையன், வளர்ந்த பிறகு சைகை மொழி கற்றுக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய கதை. தற்கொலை முயற்சியும் அதில் வருகிறது. வாங்குவதற்கு முன்பே நூலகருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் 'ஷோனென்' என்று இருந்தால் சிறுவர்களுக்கானது என்று நம்பி நிம்மதியாகிவிட முடியாது. எந்த வாசகர்களுக்கான இதழில் கதை வந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். ஒரு நோட்டில் பெயரை எழுதியே ஆட்களைக் கொல்லும் 'டெத் நோட்' வந்தது 'ஷோனென் ஜம்ப்' வார இதழில்தான். 'பேர்ஃபுட் ஜென்' 1973இல் தொடங்கியதும் அதே இதழில்தான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அதன் ஆசிரியர் கெய்ஜி நாகாசாவாவுக்கு வயது ஆறு. உருகித் தொங்கும் தோலோடு நடந்து போகிறவர்களை அவர் மறைக்காமல் வரைந்தார்.

ஜப்பானிலேயே அதற்குத் தடை வந்தது. 2012 டிசம்பரில் மாட்சுவே நகரக் கல்வி வாரியம், சில காட்சிகள் மிகக் கொடூரமானவை என்று சொல்லி, பிள்ளைகள் தாங்களாக எடுத்துப் படிக்க முடியாதபடி அந்தப் புத்தகத்தை உள்ளே வைக்கும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. பெரும் கண்டனம் கிளம்பியது. 2013 ஆகஸ்டில் வாரியம் அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் 'பேர்ஃபுட் ஜென்' என் பட்டியலில் இருக்கும். ஏன் இருக்கிறது என்று நாலு வரி சேர்த்தே கொடுப்பேன். கோபத்தோடு ஒரு தகப்பனார் வந்து நிற்கும்போது அந்த மேசையில் நான் இருக்கப்போவதில்லை, நூலகர்தான் இருப்பார்.

ஒசாமு தெசுகாவின் 'புத்தா'வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எட்டு புத்தகங்கள். சித்தார்த்தன் பிறப்பதற்கு முன்பே, சாப்ரா என்ற அடிமைச் சிறுவனையும் தத்தா என்ற தீண்டப்படாத சிறுவனையும் வைத்துக் கதை தொடங்கிவிடுகிறது. சாதியை இவ்வளவு நேராகப் பேசும் படக்கதை நமக்கு அந்நியமாக இருக்காது. ஆடையில்லாத உருவங்கள் நிறைய வருவதால் உயர்நிலை வகுப்புகளுக்கு என்று குறித்துக் கொடுப்பேன்.

மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியிருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிள்ளைகள் இரண்டு பக்கத்தில் பழகிவிடுவார்கள், தடுமாறுவது பெரியவர்கள்தான்.

ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் நான்கு விவரங்கள்: மொத்தம் எத்தனை தொகுதி, முடிந்ததா, எந்த வயதுக்கு, எந்த இடத்தில் புகார் வரலாம். எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அதில் இடமில்லை. பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எந்தக் கதையை ஒரு பிள்ளை தொடங்கினாலும், அதன் முடிவும் அதே அலமாரியில் கிடைக்கும்.