மகன் மறைத்து வைத்த குப்பி



மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், நன்னியின் இன்சுலினுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கண்டோம். அடியில் வெள்ளைத் தூள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது.

கல்லூரியில் படிக்கும் எங்கள் மகன் வரவழைத்த பெப்டைடு அது. பெயர் செலாங்க். மனப்பதற்றத்தைத் தணிப்பதற்காக மாஸ்கோவில் உருவாக்கப்பட்டது. ஏழு அமினோ அமிலங்கள் கோத்த தொடர். ரஷ்யாவில் மூக்கில் விடும் சொட்டு மருந்து. 62 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வைப் பற்றியும் அவன் படித்திருந்தான். ஆனால் அந்நோயாளிகளின் அருகில் மருத்துவர் இருந்தார். எங்கள் குப்பிக்குள் இருப்பது இன்னதுதான் என்று உறுதி சொல்ல ஒருவருமில்லை.

ஊசி வழியாகச் செலுத்திக்கொள்ள ஒரு தாளில் கணக்கும் எழுதி வைத்திருந்தான். 5 மில்லிகிராம் தூளில் 2 மில்லி நீர் கலந்து, பத்துக் கோடு அளவு எடுப்பது. மருந்துக்கடை நடத்தும் மைத்துனர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். வெளிநாட்டுக் கணக்கு, ஒரு மில்லியை நூறாகப் பிரித்த ஊசிக்கு உரியது. அதில் பத்துக் கோடு என்றால் 250 மைக்ரோகிராம். எங்கள் வீட்டில் இருந்ததோ, நன்னிக்காக வாங்கிய சிவப்பு மூடி ஊசி. அதில் ஒரு மில்லி நாற்பது கோடு. அதே பத்துக் கோடு இங்கே 625 மைக்ரோகிராம், இரண்டரை மடங்கு! அல்லாஹ்வின் கருணையால் அவன் இன்னும் ஊசியைத் தொடவில்லை.

“எங்களிடம் ஏன் சொல்லவில்லை, தம்பி?” என்று கேட்டோம்.

“சொன்னேன் அத்தா. ஈமான் குறைவு, தொழுகையைச் சரியாகத் தொழு என்றீர்கள்.”

எங்களிடம் பதில் இல்லை. தேர்வுக் காலத்தில் நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வரவில்லை என்று அவன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நன்னியின் சர்க்கரையை நாங்கள் ஈமானால் அளந்ததில்லை. மாதந்தோறும் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். மகனின் மனநோவை மட்டும் அப்படி அளந்தோம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்தார்கள். தூளைக் கலக்க முனைந்த மகனுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரே வாக்கியத்தில் நோயையும் மருந்தையும் தீர்மானித்த எங்களுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

மறுவாரம் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் சென்றோம். மகனை அவர் நெடுநேரம் பேசவிட்டார். நாங்கள் வெளியே அமர்ந்து திக்ரு செய்தோம். சிகிச்சை தொடர்கிறது. தொழுகையும் தொடர்கிறது, இப்போது அவனுக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறோம்.

உங்கள் பிள்ளை படபடப்பைச் சொன்னால், முதலில் கேளுங்கள். உடனே மருத்துவரிடம் செல்ல இயலாவிட்டால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எல்லாப் பிள்ளைகளின் உள்ளங்களுக்கும் அல்லாஹ் அமைதியைத் தருவானாக. ஆமீன்.