தொழிற்பெயர்

வகுப்பில் தொழிற்பெயர் நடத்துவது எளிது. 'உருட்டு' வினைப்பகுதி, 'உருட்டல்' தொழிற்பெயர், 'உருட்டுபவன்' வினையாலணையும் பெயர். மாணவர்கள் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் உருட்டாலைகளில் உருட்டுபவனுக்குப் பெயர் 'ஹெல்பர்'. ஒடிசாவிலிருந்து வந்தவரும் பீகாரிலிருந்து வந்தவரும் கவரைப்பேட்டைக்காரரும் சம்பளச் சீட்டில் ஹெல்பர்களே.

திவாகர நிகண்டின் மக்கட்பெயர்த் தொகுதியைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு ஒரு வியப்பு எழும். கை வேலை செய்தவர்களுக்குப் பெயர்களை அடுக்கி வைத்த மொழி இது. (அப்பெயர்களில் பல பின்னாளில் சாதியாக இறுகிப்போனது வேறு கதை.) அந்தத் தொகுதியின் இன்றைய உறவினர் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் 'தேசியத் தொழில் வகைப்பாடு 2015' என்னும் பட்டியலைச் சொல்லலாம். ஏறத்தாழ 3,600 தொழில்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், சுருக்கமான விளக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டை ஒட்டியது. அமெரிக்கர்கள் 1939லேயே தொழில் அகராதி அச்சிட்டவர்கள். 1990களின் இறுதியில் அதன் இடத்தில் 'ஓ-நெட்' என்னும் இணையத் தரவுத்தொகுதியைக் கொண்டுவந்தார்கள்.

இவற்றை நாம் ஊன்றிப் படிக்க நேர்ந்தது ஒரு மாணவரால். மூன்றாமாண்டு இளங்கலைத் தமிழ். தந்தைக்கு உருட்டாலையில் பதினெட்டு ஆண்டுகள். மகனையும் அனுப்பச் சொல்லி ஒப்பந்தக்காரர் கேட்டிருக்கிறார். "ஐயா, அங்கே போறதா, பி.எட். படிக்கிறதா?" என்றார். அறிவுரை சொல்லி அனுப்புவது எளிது. வீட்டுக் கடன் நமக்குத் தெரியாதபோது அறிவுரைக்கு என்ன மதிப்பு? இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று துறைக் கணினியின் முன் அமர்ந்தோம்.

உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் 2330 என்ற பிரிவில் வருகிறார். உலோக உருட்டாலை இயக்குநர் 8121இல். ஆலையின் பொது உடலுழைப்பாளி 9329இல். எட்டில் தொடங்கும் எண்ணுக்கும் ஒன்பதில் தொடங்கும் எண்ணுக்கும் இடையே திறன் நிலையில் ஒரு படி வேறுபாடு. ஓ-நெட்டில் இன்னும் விரிவு. உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்தல், ஓட்டத்தைக் கண்காணித்தல் என்று பணிகள் வரிசையாக இருக்கின்றன. கடும் வெப்பத்தில் எத்தனை முறை நிற்க வேண்டும், வேலையின் வேகத்தை மனிதன் தீர்மானிக்கிறானா இயந்திரமா என்றுகூடக் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை எழுதியவரை நமக்குப் பிடித்துப்போயிற்று.

மாணவர் வேறொன்று கேட்டார். "கான்ட்ராக்டா, நிரந்தரமான்னு எங்கே போட்டிருக்கு ஐயா?" எங்குமில்லை. எண் வேலையைச் சொல்லும். வேலை நிலைக்குமா என்பதைச் சொல்லாது. கல்லூரி ஆசிரியருக்கான 2310இலும் நிரந்தரப் பேராசிரியரும் கௌரவ விரிவுரையாளரும் ஒரே வரியில்தான் நிற்கிறார்கள். சம்பளம் அங்கே ஒரே வரியில் நிற்பதில்லை.

அடுத்த ஞாயிறன்று தந்தையையும் அழைத்து வந்தார். ஓ-நெட் பணிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டினோம். சிவந்த இரும்பு உருளையிலிருந்து வெளிவரும்போது இடுக்கியால் பிடித்து அடுத்த பள்ளத்தில் கொடுப்பதிலிருந்து, உருளையின் இடைவெளியைக் கண்ணளவில் சொல்வது வரை அவரிடம் விளக்கம் இருந்தது. கடைசியில் சொன்னார்: "இதெல்லாம் நான்தான் செய்யிறேன் சார். சீட்டுலதான் ஹெல்பர்."

குறைந்தபட்சக் கூலி திறன் பெற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று தரம் பிரித்தே நிர்ணயிக்கப்படுவது வழக்கம். ஆகவே சீட்டில் உள்ள சொல் வெறும் சொல்லன்று. அனுபவத்தால் கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற அரசு ஏற்பாடும் உண்டு. அதற்குப் போக வேண்டுமானாலும் முதலில் தம் வேலையின் பெயர் தமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தரவுத்தொகுதிகள் வேலை தேடும் இளைஞருக்கு எவ்வளவு பயனோ நாம் அறியோம். ஏற்கெனவே வேலை செய்பவருக்கு அவை சாட்சியாகின்றன.

தமிழில் எழுதித் தரச் சொன்னார். இரண்டு மாலைகள் பிடித்தன. கலைச்சொற்களுக்கு அகராதியைவிட அவரே உதவினார்.

மாணவர் பி.எட். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார், கட்டணத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. தந்தை அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதச் சீட்டு இன்னும் வரவில்லை.