ஊரைத் தூக்கிய ஏழு ஓட்டைகள்

மைத்துனன் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். "அத்தான், ஞாயித்துக்கிழமை உங்களுக்கு விரிசல் காட்டறேன்" என்றான். சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு அருவி காட்டுவார்கள், கோட்டை காட்டுவார்கள். விரிசலா?

பாட் க்ரோட்ஸிங்கன் என்ற வாயில் நுழையாத ஸ்டேஷனில் இறங்கி, ஒரு குட்டி ரயிலுக்கு மாறினோம். கொஞ்ச நேரத்தில் ஷ்டௌஃபன். எட்டாயிரம் சொச்சம் பேர் உள்ள ஊர். குன்றின் மேல் இடிந்த கோட்டை, சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். கீழே பழைய ஊர், வீட்டுக்கு வீடு தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறாயுசு' சொல்லலாம்.

விரிசலைத் தேட வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் பூசி மறைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் எங்கும் அதுதான். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும், பென்சிலால் கிறுக்கியது போல.

கதை இதுதான். ஊரின் டவுன் ஹாலைப் புதுப்பித்தார்கள். குளிர்காலத்துக்கு எண்ணெய், கேஸ் எரிக்க வேண்டாம், பூமிச் சூட்டை எடுப்போம் என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். அந்தப் பக்கங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் கீழே போனால் கோடையோ பனியோ, ஏறக்குறைய 10 டிகிரி மாறாமல் இருக்கும். குழாயில் திரவத்தை ஓடவிட்டு அந்தச் சூட்டை மேலே கொண்டுவந்து, ஹீட் பம்ப் என்கிற தலைகீழ் ஃப்ரிட்ஜில் கொடுத்தால் அறை கதகதப்பாகும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு. பி.காம். படித்தவனுக்கு இதைவிட அழகான வரவு-செலவு காட்ட முடியாது.

2007-ல் டவுன் ஹாலை ஒட்டி ஏழு துளைகள் போட்டார்கள். ஆழம் 140 மீட்டர்.

சில வாரங்களில் சுவர்கள் கீறல் விட ஆரம்பித்தன. முதலில் யாருக்கும் புரியவில்லை. பூமி இறங்கினால்தானே சுவர் விரியும்? இங்கே பூமி ஏறிக்கொண்டிருந்தது!

கீழே அன்ஹைட்ரைட் என்றொரு பாறை. ஜிப்சம்தான், ஆனால் தண்ணீர் இல்லாத ஜிப்சம். கோடிக்கணக்கான வருஷமாகத் தண்ணீர் படாமல் சமர்த்தாகக் கிடந்தது. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர். துளைகள் இரண்டுக்கும் வழி போட்டுக் கொடுத்துவிட்டன. ஊறப்போட்ட கொண்டைக்கடலையைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. தண்ணீர் குடித்து ஜிப்சமாக மாறும்போது அந்தப் பாறை 60 சதவீதம் வரை பெருக்கும். மேலே இருந்த ஊரைத் தூக்கியது. ஆரம்பத்தில் மாசத்துக்கு 11 மில்லிமீட்டர் வரை. மொத்தத்தில் சில இடங்கள் அரை மீட்டருக்கும் மேலே எழும்பிவிட்டன. எல்லா இடமும் ஒரே அளவாக எழும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வீட்டின் வாசல் ஒரு அளவு, கொல்லை வேறு அளவு. சுவர் என்ன செய்யும், பாவம்.

சுமார் 270 கட்டடங்களுக்குச் சேதம். நஷ்டம் 5 கோடி யூரோ அளவில் என்று மதிப்பிட்டார்கள். எல்லாம் ஒரு கட்டடத்தின் கணப்புச் செலவை மிச்சம் பிடிக்கப் போய்!

2009 முதல் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்து, துளைகளையும் மறுபடி அடைத்தார்கள். வேகம் வெகுவாகக் குறைந்தது. "ஷ்டௌஃபன் உடையக் கூடாது" என்று எழுதி, விரிசல்கள் மேல் பிளாஸ்திரி மாதிரி ஒட்டி வைத்தார்களாம் ஊர்க்காரர்கள். அந்த நிலைமையிலும் நக்கல் போகவில்லை பாருங்கள்.

சட்டமே இல்லாமல் துளை போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியா, கொக்கா? நிலத்தடி நீர் சம்பந்தப்பட்டதால் தண்ணீர்ச் சட்டம் உண்டு. 100 மீட்டருக்குக் கீழே போனால் சுரங்கத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பாறைதான் சட்டம் படிக்கவில்லை.

இந்த ஊரும் இதே மாநிலத்தில் வேறு சில ஊர்களும் பட்ட பிறகு, 2011-ல் கறாரான வழிமுறைகள் வந்தன. ஜிப்சம் தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே துளையை நிறுத்து. குழாயைச் சுற்றி அடைக்கும் கலவை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கருவி வைத்துக் கண்காணி. எனக்குப் பிடித்தது மூன்றாவது: யார் தப்பு என்று கேட்காமலே பணம் தரும் இன்ஷூரன்ஸ் எடு. தப்பு யாருடையது என்று கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் வீட்டுக்காரர் வீட்டையே மறந்துவிடுவார்.

நெருக்கமான நகரங்களில் இன்னொரு தலைவலி உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் துளை போட்டால்? இரண்டு பேரும் ஒரே பாறையின் சூட்டை உறிஞ்ச, வருஷத்துக்கு வருஷம் பாறை குளிர்ந்துகொண்டே போகும். ஸ்வீடனில் துளைக்குத் துளை 20 மீட்டர் விடச் சொல்கிறார்கள். அதாவது உன் எல்லையிலிருந்து நீ 10, அவன் 10. நம்மூர் போர்வெல் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷ்டௌஃபனில் 'லோவன்' என்று பழைய விடுதி. டாக்டர் ஃபாஸ்ட் - பிசாசிடம் ஆத்மாவை எழுதிக் கொடுத்தவர் - 1539-ல் செத்தது இங்கேதான் என்று சுவரில் எழுதியிருக்கிறது. 24 வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் பிசாசு வந்து கழுத்தை முறித்துவிட்டதாம். பிசாசாவது 24 வருஷம் டயம் கொடுத்தது. அன்ஹைட்ரைட் சில வாரம்தான் கொடுத்தது.

கிளம்பும் முன் சந்தைத் திடல் ஓரமாக ஒரு கடையில் காப்பி. மேசை ஒரு பக்கமாக ஆடியது. காப்பி சாஸரில் ததும்பியது. பொறுக்க முடியாமல் மைத்துனனை விட்டுக் கேட்கச் சொன்னேன், இதுவும் பூமி தூக்கியதுதானா என்று.

கடைக்காரம்மா குனிந்து, மேசைக் காலடியில் ஒரு அட்டையை மடித்துச் சொருகினார். ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னடா சொல்றாங்க?"

"இது அவங்க மாமனார் காலத்துலேர்ந்தே ஆடுதாம், அத்தான்."