விடுபட்ட சுண்ணாம்பு

ஒரு நாட்டு வீட்டுச் சமையலை இன்னொரு நாட்டுக்காரருக்கு எழுதிக்கொடுக்கும்போது நாம் முதலில் எழுதுவது சேர்மானப் பட்டியல். அடுத்து அளவு. செய்முறை கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில். இந்த வரிசை தலைகீழானது என்ற எண்ணம், சமையல் குறிப்பு எழுதுவதையே வேலையாகக் கொண்ட எனக்கு வரவர வலுத்துக்கொண்டே வருகிறது. பொருள் எளிதாகக் கடல் தாண்டும். விதையாகவோ மூட்டையாகவோ போய்ச் சேர்ந்துவிடும். அளவு கூடக்குறைய இருந்தாலும் இரண்டாம் முறை சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் வெளியாள் கண்ணுக்கு வீண்வேலையாகத் தெரியும் சில காரியங்கள் எல்லா அடுப்படியிலும் உண்டு. ஊறப்போடுவது, முதல் தண்ணீரைக் கொட்டுவது, புளிக்க விடுவது, ஒரு ராத்திரி சும்மா வைத்திருப்பது. இவை எழுத்தில் விடுபட்டால், படிப்பவர் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ள வழியே இல்லை. குறிப்பு எழுதுகிறவர் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த வேலைகளைத்தான் என்பது என் கட்சி.

இதற்கு மக்காச்சோளத்தைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பது வழக்கமில்லை. நீற்றிய சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் மணிகளைக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க அதிலேயே ஊறவைப்பார்கள். காலையில் மஞ்சளாகக் கலங்கி நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, மணிகளைக் கசக்கிக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு அம்மியைப் போன்ற மெத்தாத்தே என்ற கல்லில் ஈரத்தோடு அரைப்பார்கள். நவாட்டில் மொழியில் இந்த மக்காச்சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடிகள் பலர் சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பலின் தெளிநீரை இதே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எதற்கு இந்தப் பாடு என்றால் அடுப்படி சொல்லும் காரணம் எளிமையானது: சுண்ணாம்பு சேராத மாவு ஒன்றோடொன்று ஒட்டாது, டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியைத் தட்டும்போதே விண்டுபோகும். அது உண்மை. ஆனால் அந்தச் சுண்ணாம்பு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரியத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற வைட்டமினில் பெரும்பகுதி, உடலுக்குச் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரநீரில் வெந்த பிறகுதான் அது அவிழ்கிறது.

கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. விதை போனது, சுண்ணாம்பு போகவில்லை. உலர்ந்த தானியத்தை மாவாக்க அங்கே ஏற்கெனவே ஆலைகள் இருந்தன. வட இத்தாலியின் ஏழைகள் அந்த மாவில் பொலெந்தா என்ற களியைக் கிண்டி மூன்று வேளையும் உண்டார்கள். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தவர்களிடம் தோல் சிவந்து வெடிக்கும் ஒரு நோயைக் கண்டு எழுதினார். 1771இல் மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ ஃப்ராபொல்லி அதற்குப் பெலாக்ரா என்று பெயரிட்டார். அமெரிக்காவில், பெரும்பாலும் தென் மாநிலங்களில், 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேரை அது பீடித்து ஒரு லட்சம் பேரைக் கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள். தொற்றுநோய் என்று பலர் நம்பிக்கொண்டிருந்ததை, உணவின் குறை என்று 1914 முதல் நிறுவப் போராடியவர் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர். அந்தக் குறை நியாசின்தான் என்பது 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஹெம் வழியாகத் தெளிவானது. காசால் எழுதியதிலிருந்து 202 ஆண்டுகள். அத்தனை காலமும் அதற்கான பாதுகாப்பு மெக்சிகோவின் ஒவ்வொரு அடுப்படியிலும் ராத்திரிதோறும் ஊறிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. பெலாக்ராவுக்குக் காரணம் வறுமை. வேறு எதுவும் வாங்க முடியாமல் மக்காச்சோளத்தையே உண்டதுதான் கேடு. பாலும் இறைச்சியும் கிடைத்திருந்தால் சுண்ணாம்பு இல்லாமலே தப்பித்திருப்பார்கள் என்பார்கள். சரிதான். வறுமையைச் சமையல் குறிப்பால் தீர்த்துவிட முடியாது. ஆனால் வேறெதுவும் இல்லாதவருக்குத்தான் செய்முறை உயிர்க்காவலாக இருக்கிறது. மெக்சிகோவின் ஏழையும் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டார். அங்கே இந்த நோய் இப்படிப் பரவவில்லை. சுண்ணாம்போடு அவர் தட்டில் பீன்ஸும் இருந்ததே என்று கேட்டால், அதையும் என் பக்கத்துச் சாட்சியாகவே எடுத்துக்கொள்வேன். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து விதைப்பது அந்த மண்ணின் வழக்கம். வீட்டுச் சமையலின் எல்லை ஒரு பாத்திரத்தோடு முடிவதில்லை. எதோடு எதை உண்கிறார்கள் என்பதும் செய்முறையில் சேர்ந்ததுதான். குறிப்பில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும்.

மரவள்ளியின் கதை இன்னும் கூர்மையானது. கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டு. அமேசான் பகுதி மக்கள் கிழங்கைத் துருவி, திப்பித்தி என்ற நீளமான பின்னல் குழாயில் அடைத்துச் சாறு பிழிந்து, பிறகே வறுத்து மாவாக்குகிறார்கள். போர்ச்சுகீசியர் கப்பலில் அது ஆப்பிரிக்கா போனபோது, காங்கோ பகுதியில் நாட்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு நஞ்சை நீக்கும் முறை நிலைத்தது. 1990களின் தொடக்கத்தில் காங்கோ நாட்டின் பாந்துந்து பகுதியில், நகரச் சந்தைக்கு விற்கும் அவசரத்தில் மூன்று நாள் ஊறல் ஒரு நாளாகச் சுருங்கியதையும், கால்களை முடக்கும் கோன்சோ நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே கிழங்கு, அதே கைகள். ஊறலில் விடுபட்டது இரண்டு நாள் மட்டும். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கை இன்றும் மரச்சீனி என்றழைக்கும் குமரி மாவட்டத்தில், அவித்த தண்ணீரைக் கொட்டுவது எழுதப்படாத சட்டம். இலங்கையில் மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்பார்கள். இப்படிப்பட்ட விலக்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாமா? சமைப்பவர் தன் விருப்பப்படி முடிவுசெய்யட்டும். எழுதுகிறவருக்கு அடித்துவிடும் உரிமை இல்லை. காரணம் புரியாத ஒன்றைக் காரணம் புரியவில்லை என்றே குறித்து வைக்கலாம். சுண்ணாம்பின் முழுக் காரணமும் 20ஆம் நூற்றாண்டுவரை யாருக்கும் புரியவில்லையே.

அப்படியானால் இந்த வேலைகளைக் கேட்டு வாங்குவது எப்படி? எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்மணி சாம்பார் சொல்லும்போது பருப்பைக் களைய வேண்டும் என்று சொல்லமாட்டார். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "அம்மா அப்படித்தான் செய்வாங்க" என்பதற்கு மேல் பதில் வராது. கேள்வியைத் திருப்பிப்போட வேண்டும்: "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" அப்போது மாவு விண்டுபோகும், கசக்கும், வயிறு உப்பும், நாக்கு அரிக்கும் என்று உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். அந்த விடைகள்தான் குறிப்பின் முதுகெலும்பு.

கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவரவே முடியாது, ஆகவே அளவையாவது துல்லியமாகக் கொடுப்போம் என்று வாதிடுவோரும் உண்டு. ஃபானி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம், தலைதட்டி அளக்கும் கப்பையும் கரண்டியையும் அமெரிக்க வீடுகளில் நிலைநிறுத்தியது; புதிதாகச் சமைக்க வந்தவர்களுக்கு அது செய்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் கப் என்பதே ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஜப்பானியக் கப் 200, அங்கேயே அரிசி அளக்கும் கப் 180. மேலும், அளவு ஊர் மாறினால் பொய்க்கும். பழைய மக்காச்சோளம் ஊற நேரம் பிடிக்கும், மலையூரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பொய்க்காதது அடையாளம். பக்குவம் எழுத்துக்கு அடங்காது என்பவர்கள், அதிரசப் பாகுக்கு நம் சமையற்காரர்கள் வைத்திருக்கும் சொற்களை நினைத்துப்பார்க்கட்டும்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். அதில் கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. படித்தவர் எந்த ஊரிலும் செய்துவிடலாம். ஆழாக்கும் படியும் நம் வீடுகளைவிட்டுப் போய்விட்டன. உருட்டுப் பதம் போகவில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. சமையல் மாறிக்கொண்டே இருப்பது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, அவற்றின் பிறந்த ஊர்ச் செய்முறையைக் கேட்டா நாம் ரசம் வைத்தோம்? இல்லைதான். அந்த ரசத்தை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் தெரிந்து மாற்றுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. இன்று தமிழில் மெக்சிகோ உணவு எழுதும்போது நடப்பது இரண்டாவது. "சோள மாவு" என்று ஒரே சொல். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்டால் கிடைப்பது வெறும் ஸ்டார்ச். ரொட்டிக்கான மக்காச்சோள மாவு வேறு. சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்து உலர்த்திய மாசா ஹரினா இன்னொன்று. போதாக்குறைக்கு, வெறுமனே சோளம் என்றால் தமிழ்நாட்டின் பாதி ஊர்களில் வெள்ளைச் சோளம்தான். நான்கையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டு, டோர்ட்டியா ஒட்டவில்லை என்றால் மைதா கலந்துகொள்ளுங்கள் என்கிறோம். இருநூறு ஆண்டுக் கேடு இங்கே வந்துவிடாது, நமக்கு அது அன்றாட உணவல்ல. ஆனால் விடுபட்டது அதே சுண்ணாம்புதான்.

எனவே டோர்ட்டியா குறிப்பு மாவில் தொடங்கக் கூடாது. முந்தைய நாள் சாயங்காலத்தில் தொடங்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு, உண்ணத் தகுந்த தரத்து நீற்றிய சுண்ணாம்பு ஏறக்குறைய 10 கிராம். மணிகள் நன்றாக மூழ்கத் தண்ணீர். கொதி வந்த பிறகு ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். தோல் கழன்று வந்து, நடுவில் இன்னும் கடிபட வேண்டும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்து, மூடி, விடியும்வரை தொடாமல் விடுங்கள்.